கணக்கு நோட்டும் பிரார்த்தனையும்

(சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடல் விழாவில், 1970-ஆம் ஆண்டு பி.ஏ. பொருளாதாரம் முடித்த முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்று எங்களுக்கு டியூட்டராக இருந்த என் ஆசான் இன்றும் முன்வரிசையில் உட்கார்ந்து நான் என்ன உளறப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மெஸ் பக்கமிருந்து சாம்பார் வாசனை வர ஆரம்பித்துவிட்டது. 55 வருஷத்துக்கு முன்னால் இதே ஹாலில் கடைசி பீரியடில் உட்கார்ந்து இதே வாசனையைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்று பேசுபவரை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்.

"வாழ்ந்து காட்டியவர்கள்" என்று செயலாளர் தலைப்புக் கொடுத்தார். காமராஜரைப் பற்றி ஒருவர் பேசிவிட்டார். வள்ளல் அழகப்பச் செட்டியாரைப் பற்றி இன்னொருவர் மிக நன்றாகப் பேசினார். நான் எடுத்துக்கொண்டிருப்பவர் அமெரிக்காவில் பிறந்து பஹாமாஸ் தீவில் இறந்த ஒரு ஷேர் மார்க்கெட் ஆசாமி. சர் ஜான் டெம்பிள்டன். நம் ஊரில் ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எனக்கும் அவருக்கும் ஒரு பழைய பாக்கி இருக்கிறது, அதை நடுவில் சொல்கிறேன்.

அவர் பெயரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள், மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில். இதைக் கேட்டதும் இரண்டு பேர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை நிறுத்தி வைத்தபோது பணம் மாட்டிக்கொண்டவர்களாக இருக்கும். அந்தப் பணம் பிறகு தவணை தவணையாக வந்தது. ஆனால் ஒன்று, மனுஷன் தன் கம்பெனியை ஃபிராங்க்ளின்காரர்களுக்கு விற்றது 1992-ல். இறந்தது 2008-ல். பலகையில் பெயர் மட்டும்தான் மிச்சம். அந்தக் கோபத்தை இவர் மேல் காட்ட வேண்டாம்.

டென்னஸி மாநிலத்தில் வின்செஸ்டர் என்று ஒரு சின்ன ஊர். 1912 நவம்பர் 29-ல் அங்கே பிறந்தார். பருத்தி விளைகிற பூமி. அப்பா வக்கீல் தொழிலும் பார்த்தார், பருத்தி அரவை மில்லும் வைத்திருந்தார். பையனுக்கு எட்டு வயதிலேயே வியாபார புத்தி. ஓஹியோ மாநிலத்திலிருந்து தபாலில் பட்டாசு வரவழைத்து, பண்டிகை நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பல மடங்கு லாபத்துக்கு விற்றிருக்கிறான். சிவகாசிப் பக்கம் பிறந்திருந்தால் எங்கேயோ போயிருப்பான்.

அவருக்குப் பேத்தி முறையாகிற லாரன் டெம்பிள்டன் எழுதிய புத்தகத்தில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. அப்பாவின் ஆபீஸ் ஜன்னல் கோர்ட் மைதானத்தைப் பார்த்தபடி இருக்கும். கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் அங்கேதான் ஏலத்துக்கு வரும். அப்பா ஜன்னலில் நின்று பார்ப்பார். கேட்க ஆளே வராத நாளில் மட்டும் இறங்கிப் போய் அடிமாட்டு விலைக்கு எடுத்துவிடுவார். இது ஒன்று. அதே அப்பா பருத்தி முன்பேர வியாபாரத்தில் இறங்கி, ஒருநாள் வீட்டுக்கு வந்து இனிமேல் நமக்குக் கவலையே இல்லை என்று சொல்லியிருக்கிறார். சில நாளில் மொத்தமும் போய்விட்டது. இது இரண்டு. ஒரே வீட்டில், ஒரே மனுஷனிடம், பையன் இரண்டு பாடத்தையும் படித்துவிட்டான். நாம் பொருளாதாரம் மூன்று வருஷம் படித்தோம், என்னத்தைப் படித்தோம் என்று ஆசானுக்குத் தெரியும்.

பிறகு யேல் பல்கலைக்கழகம். 1931-ல், பெருமந்தம் உச்சத்தில் இருந்தபோது, இனி ஒரு டாலர்கூட அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். பையன் ஊருக்குத் திரும்பவில்லை. ஸ்காலர்ஷிப் வாங்கினார், பகுதி நேர வேலை பார்த்தார், போதாததற்குச் சீட்டாடினார். ஆமாம், போக்கர் ஆட்டத்தில் ஜெயித்த காசும் சேர்ந்துதான் படிப்புச் செலவு ஓடியது. ஹாஸ்டல் மாணவர்கள் இந்த இடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது, வார்டன் இங்கேதான் இருக்கிறார். 1934-ல் வகுப்பின் முன்னணி மாணவர்களில் ஒருவராக வெளியே வந்தார். ரோட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடைத்து ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரிக்குப் போனார். சட்டம் படித்து 1936-ல் முடித்து, ஒரு நண்பரோடு கையில் கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு நாடு நாடாகச் சுற்றினார். அமெரிக்காவில் பணம் போடுகிறவர்கள் அமெரிக்காவைத் தவிர வேறு எதையும் பார்க்காத காலம் அது. இவர் பின்னாளில் ஜப்பானில் போட்டதற்கு அந்தச் சுற்றல்தான் விதை என்று நான் நினைக்கிறேன்.

இப்போது 1939. ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்டது. எல்லாரும் ஷேரை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். 26 வயதுப் பையன், தன் பழைய முதலாளியிடம் போய் 10,000 டாலர் கடன் கேட்கிறார். எதற்கு? அமெரிக்க ஷேர் மார்க்கெட்டில் ஒரு டாலருக்குக் கீழே விலை போகிற எல்லா ஷேரிலும் நூறு நூறு டாலருக்கு வாங்குவதற்கு. பொறுக்கி எடுக்கவில்லை. மொத்தம் 104 கம்பெனி. அதில் முப்பதுக்கும் மேல் ஏற்கெனவே திவாலானவை. புரோக்கர் இவரைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? ஆனால் இவர் கணக்கு வேறு. யுத்தம் வந்தால் சாமான் தேவைப்படும், படுத்துக் கிடக்கிற கம்பெனிக்கும் வேலை வரும். சராசரியாக நாலு வருஷம் வைத்திருந்தார். நாலே நாலு கம்பெனிதான் ஒன்றுமில்லாமல் போயிற்று. பத்தாயிரம் ஏறக்குறைய நாற்பதாயிரம் ஆயிற்று.

அதில் ஒரு ரயில்வே கம்பெனி ஷேர், மிசௌரி பசிபிக். அரைக்கால் டாலருக்கு வாங்கியதை அஞ்சு டாலருக்கு விற்றார். நாற்பது மடங்கு லாபம். பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருக்கிறார். அந்த ஷேர் பிறகு நூறு டாலரைத் தாண்டிப் போயிற்று. இதை அவரே சொல்லிச் சிரிப்பாராம். ஜெயித்த கதையை மட்டும் சொல்கிறவனை நம்பாதே என்று என் அப்பா சொல்வார். தோற்ற கதையையும் சேர்த்துச் சொன்னதால்தான் எனக்கு இவர் மேல் ஒரு பிடிப்பு வந்தது.

1954-ல் டெம்பிள்டன் க்ரோத் ஃபண்டை ஆரம்பித்தார். கனடாவில் பதிவு பண்ணினார், காரணம் அங்கே அப்போது மூலதன ஆதாயத்துக்கு வரி கிடையாது. இந்த வரி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அந்த ஃபண்டில் 1954-ல் 10,000 டாலர் போட்டு, டிவிடெண்டையும் அதிலேயே விட்டிருந்தால் 1992-ல் 20 லட்சம் டாலர். மாணவர்கள் கால்குலேட்டரை எடுங்கள். 38 வருஷம், 200 மடங்கு. வருஷத்துக்கு என்ன வட்டி வருகிறது? ஏறக்குறைய 15 சதவீதம். உலகத்திலேயே இந்தத் தொழிலில் தலைசிறந்தவர்களில் ஒருவர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட மனுஷன், ஆயுசு முழுக்க உழைத்துக் கண்ட பலன் 15 சதவீதம். அதுவும் வருஷா வருஷம் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல. நடுவில் விழுந்த வருஷமெல்லாம் உண்டு.

இங்கேதான் என் பாக்கி வருகிறது.

1996-ல் நான் ஒரு வங்கியில் ஆபீசர். நம் ஊர்ப் பக்கம் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. பெயர் வேண்டாம், இங்கே பலருக்குத் தெரியும், தெரியாதவர்கள் தெரிந்துகொண்டு ஆகப் போவது ஒன்றுமில்லை. வருஷத்துக்கு 24 சதவீத வட்டி. முதல் தேதியானால் வீட்டுக்கே செக் வந்துவிடும். திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு, சுவரில் எல்லா சாமி படமும், மேனேஜர் நெற்றி நிறைய விபூதி. வங்கியில் வட்டிக் கணக்குப் போடுவதே தொழிலாக இருந்த நான், 24 சதவீதம் கொடுப்பவன் 30 சதவீதமாவது சம்பாதிக்க வேண்டுமே, எங்கே சம்பாதிப்பான் என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசிக்கவில்லை. டெம்பிள்டனின் 10,000 டாலர் 24 சதவீதத்தில் 38 வருஷம் வளர்ந்திருந்தால் 20 லட்சம் அல்ல, மூன்றரைக் கோடி டாலர் ஆகியிருக்க வேண்டும். உலகத்தில் யாராலும் ஆகாததை எங்கள் தெருக்கோடியில் ஒருத்தன் செய்கிறான் என்று நம்பினேன். 90,000 ரூபாய் போட்டேன். அதோடு விட்டேனா? என் வகுப்புத் தோழன் ஒருவனை, ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரனை, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த 60,000 ரூபாயைப் போட வைத்தேன். "நீ பேங்க்ல இருக்கிறவன், உனக்குத் தெரியாதாடா" என்று ஒரே வார்த்தைதான் கேட்டான். போட்டுவிட்டான்.

1998-ல் ஒரு திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் பூட்டு. கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. பிறகு நடந்தது, நல்லபடியாகவே நடந்தது, ஆனால் அவன் ஊரிலிருந்த நிலத்தை விற்றுத்தான் நடத்தினான். கோர்ட்டுக்கு அலைந்து வெகுநாள் கழித்துக் கொஞ்சம் திரும்பி வந்தது. அந்த வருஷம்தான் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் டெம்பிள்டனைப் பற்றிய ஒரு புத்தகம் கிடைத்தது. பணத்தை விட்டவன் பணக்காரனைப் பற்றிப் படிக்கிறான், பாருங்க. அட்டையில் பணம் என்று இருந்ததால் வாங்கினேன், உள்ளே பாதி பிரார்த்தனையைப் பற்றி இருந்தது.

அவருடைய ஃபண்ட் கம்பெனியில் போர்டு மீட்டிங்கும் பங்குதாரர் கூட்டமும் பிரார்த்தனையோடுதான் ஆரம்பிக்கும். இதைப் படித்ததும் எனக்கு அந்த மேனேஜர் விபூதி ஞாபகம் வந்து புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தேன். அவர் ஷேர் விலை ஏற வேண்டும் என்று கும்பிடவில்லை. விலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் கடவுளைக் கூப்பிடுவது தப்பு என்றே நினைத்தார். மனசு பதற்றமில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும், எடுக்கிற முடிவு நாலு பேருக்கும் நல்லதாக இருக்க வேண்டும், அதற்கு மட்டும்தான். எல்லாரும் பயந்து விற்கும்போது வாங்கவும், எல்லாரும் ஆசைப்பட்டு வாங்கும்போது விற்கவும், அறிவு மட்டும் போதாது, ஒரு நிதானம் வேண்டும். அந்த நிதானத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி அது. நான் பெரிய பக்திமான் இல்லை, என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்லுவாங்க. ஆனால் இது எனக்குப் புரிந்தது. 1996-ல் எனக்கு வேண்டியிருந்தது அந்த நிதானம்தான்.

அவர் வாழ்க்கையில் அடி படாதவரும் இல்லை. 1951-ல் பெர்முடா தீவுக்கு விடுமுறைக்குப் போனபோது மோட்டார் சைக்கிள் விபத்தில் மனைவி ஜூடித் இறந்துவிட்டார். இவருக்கு 38 வயது. மூன்று குழந்தைகள், மூத்தவனுக்கே பதினோரு வயதுதான். 1958-ல் ஐரீன் என்ற அம்மையாரை மறுமணம் செய்துகொண்டார்.

சிக்கனம் என்றால் நம் செட்டிநாட்டு ஆச்சிகள் தோற்றுப் போவார்கள். கல்யாணமான புதிதில் வருமானத்தில் சரிபாதியைச் சேமிப்பது என்று கணவனும் மனைவியுமாக முடிவு பண்ணி, நியூயார்க் வீட்டுக்கு மேஜை நாற்காலியெல்லாம் ஏலத்தில் பழசாக வாங்கினார்கள். வீட்டையும் காரையும் ரொக்கம் கொடுத்துத்தான் வாங்குவது, கடனுக்கு இல்லை. கோடீஸ்வரரான பிறகும் விமானத்தில் சாதாரண வகுப்பு, காரைத் தானே ஓட்டுவார்.

அப்படிச் சேர்த்ததை எங்கே கொடுத்தார்? இங்கேதான் அவர் மற்ற தர்மவான்களிடமிருந்து விலகிப் போகிறார். நோபல் பரிசில் பௌதிகம் உண்டு, ரசாயனம் உண்டு, சமாதானம் உண்டு, ஆன்மிகத்துக்கு ஒன்றும் இல்லையே என்பது அவர் குறை. 1972-ல் அதற்கென்று ஒரு பரிசை ஏற்படுத்தினார். தொகை எப்போதும் நோபல் பரிசை விட அதிகமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. கொஞ்சம் வீம்புதான். தான் பிரெஸ்பிடீரியன் கிறிஸ்தவராக இருந்தும், நடுவர் குழுவில் பல மதத்துக்காரர்களையும் வைத்தார். 1973-ல் முதல் பரிசு யாருக்குத் தெரியுமா? கல்கத்தாவில் குஷ்டரோகிகளுக்கு நடுவில் வேலை செய்துகொண்டிருந்த அன்னை தெரசாவுக்கு. நோபல் குழு அவரைக் கண்டுபிடிக்க இன்னும் ஆறு வருஷம் ஆயிற்று. விலை ஏறுவதற்கு முன்னால் வாங்குகிற பழக்கம் இதிலும் போகவில்லை என்று நான் வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன்.

1975-ல் அந்தப் பரிசு திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனுக்கு வந்தது. கிறிஸ்தவர் அல்லாத ஒருவருக்கு அதுதான் முதல் தடவை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர், மாநிலக் கல்லூரி ஆசிரியர், ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர், குடியரசுத் தலைவர், எல்லாம் ஆகி முடித்து உடம்பு தளர்ந்திருந்த நேரம். அந்தப் பணம் முழுவதையும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். அந்த ஏப்ரலில் காலமானார். வேடிக்கையைப் பாருங்கள், டெம்பிள்டன் ஆக்ஸ்ஃபோர்டை விட்டுக் கிளம்பிய அதே 1936-ல்தான் ராதாகிருஷ்ணன் அங்கே பேராசிரியராகப் போய்ச் சேர்ந்தார். ஒருவர் படித்த இடம், இன்னொருவர் சொல்லிக் கொடுத்த இடம். பணம் ஒரு சுற்றுச் சுற்றி அங்கேயே போயிற்று. பிறகு பாபா ஆம்தே 1990-ல், பாண்டுரங்க சாஸ்திரி அதாவலே 1997-ல், தலாய் லாமா 2012-ல் என்று நம் நாட்டோடு சம்பந்தப்பட்டவர்கள் பலர் வாங்கியிருக்கிறார்கள்.

டெம்பிள்டன் தானும் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கொடுத்தார். அங்கிருந்த ஒரு நிர்வாகவியல் கல்வி மையத்துக்கு 1980-களில் பெரிய நன்கொடை கொடுத்தார், அது டெம்பிள்டன் கல்லூரி ஆயிற்று. பெற்றோர் நினைவாகக் கொடுத்தது. 2008-ல் அதை இன்னொரு கல்லூரியோடு சேர்த்துவிட்டார்கள், இப்போது கிரீன் டெம்பிள்டன் கல்லூரி. கல்லில் பெயர் வெட்ட வேண்டும் என்று நம் சங்கத்தில் சிலருக்கு ஆசை இருப்பது எனக்குத் தெரியும். தோரண வாயில் பற்றித்தான் சொல்கிறேன். சாப்பிட்ட பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இனி அந்த வரி விஷயம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. 1960-களில் அவர் அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிட்டுப் பஹாமாஸ் தீவில் குடியேறி, பிரிட்டிஷ் பிரஜை ஆனார். பஹாமாஸில் வருமான வரி கிடையாது. 1992-ல் கம்பெனியை விற்றபோது இதனால் பெரும் தொகை மிச்சம் என்று பத்திரிகைகள் எழுதின. எலிசபெத் ராணி 1987-ல் "சர்" பட்டம் கொடுத்தார். அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் படித்து, அமெரிக்க மார்க்கெட்டில் சம்பாதித்தவர், அமெரிக்காவுக்கு வரி கட்டாமல் போனார். அவருக்காகப் பேசுகிறவர்கள், மிச்சமான பணம் தர்மத்துக்குத்தானே போயிற்று என்பார்கள்.

எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. தர்மம் பண்ணும்போது யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று கொடுக்கிறவன் தீர்மானிக்கிறான். வரியில் அந்த உரிமை கிடையாது, நாலு பேரோடு சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும். நாம் இந்தக் கல்லூரியில் படித்தோமே, வருஷத்துக்கு நாம் கட்டிய ஃபீஸில் ஆசிரியருக்கு ஒரு மாதச் சம்பளம்கூடத் தேறியிருக்காது. எங்கோ முகம் தெரியாத ஒருவர் தீப்பெட்டி வாங்கினபோது கட்டின வரியில் நாம் பட்டம் வாங்கினோம். பெரிய மனுஷனிடம் பெரிய குறை இருக்கலாம். இது அவருடைய பெரிய குறை என்று நான் நினைக்கிறேன். என் மருமகன் அமெரிக்காவில் இருக்கிறார், அவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அதனால் போனை வைத்துவிடுகிறோம்.

அப்புறம் ஏன் இந்த ஆளைப் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், ஒரு காரியத்துக்காக. 1987-ல் ஜான் டெம்பிள்டன் அறக்கட்டளையை ஆரம்பித்தார். விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்து, மன்னிப்பால் உடம்புக்கு நன்மை உண்டா, நன்றியுணர்ச்சி மனுஷனை மாற்றுகிறதா என்றெல்லாம் ஆராயச் சொன்னார். கடவுளைப் பற்றி நமக்குத் தெரிந்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவது அகம்பாவம் என்பது அவர் கட்சி. அவருடைய மூத்த மகன், குழந்தைகளுக்கு ஆபரேஷன் பண்ணுகிற டாக்டர், 1995-ல் தொழிலை விட்டுவிட்டு அறக்கட்டளை வேலைக்கு வந்தார்.

அந்தப் பணத்தில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொள்ளும் நோயாளிகள் 1,802 பேர், ஆறு ஆஸ்பத்திரி. செலவு 24 லட்சம் டாலர், பெரும்பகுதி டெம்பிள்டன் அறக்கட்டளையுடையது. மூன்று குழு. முதல் குழுவுக்காக வேற்றிடத்தில் சிலர் பிரார்த்தனை செய்வார்கள், இரண்டாவது குழுவுக்கு இல்லை. தனக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்பது இவர்கள் யாருக்கும் தெரியாது. மூன்றாவது குழுவுக்குப் பிரார்த்தனையும் உண்டு, உண்டு என்று முன்கூட்டியே சொல்லியும் விடுவார்கள். 2006 ஏப்ரலில் அமெரிக்காவின் இதயநோய் மருத்துவ இதழ் ஒன்றில் முடிவு வெளியாயிற்று. முதல் குழுவில் 52 சதவீதம் பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் ஏதோ ஒரு சிக்கல். பிரார்த்தனை இல்லாத குழுவில் 51 சதவீதம். வித்தியாசம் இல்லை. தனக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று தெரிந்திருந்த மூன்றாவது குழுவில் 59 சதவீதம்! எனக்காக ஊரே கும்பிடுகிறது என்றால் நிலைமை அவ்வளவு மோசமா என்று பயந்திருப்பார்கள் போலிருக்கிறது என்று சிலர் விளக்கம் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிற நம் உறவுக்காரர்களை நினைத்தால் அது நிஜமாகவும் இருக்கலாம்.

அப்போது அவருக்கு 93 வயது. ஆயுசு முழுக்கக் கும்பிட்டவர். தான் நம்பியதைத் தன் காசிலேயே தராசில் வைத்தார். தட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அது அப்படியே அச்சில் வந்தது, உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. ரிச்சர்ட் டாகின்ஸ் போன்றவர்கள் அந்தப் பரிசோதனையையும் அந்தப் பரிசையும் சேர்த்தே கிண்டல் பண்ணி எழுதினார்கள். விஞ்ஞானத்துக்குள் மதத்தின் பணம் நுழைவது நல்லதில்லை என்று இன்றும் பல விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எத்தனை பேர் தன் சாமியைத் தன் செலவில் பரீட்சை எழுத வைத்து, மார்க்கை மறைக்காமல் போர்டில் ஒட்டுவார்கள்? சொல்லுங்க. அந்த 104 கம்பெனியில் நாலு தேறவில்லை என்று எழுதி வைத்த அதே கணக்கு நோட்டுதான் இது.

2008 ஜூலை 8-ல் நஸாவில் நிமோனியா கண்டு காலமானார், 95 வயது. அடுத்த இரண்டு மாதத்தில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்து உலகம் பூராவும் மார்க்கெட் சரிந்தது. பெரிய நிதிக் குழப்பம் வரப்போகிறது என்று 2005-லேயே அவர் எழுதி வைத்திருந்தார். இருந்திருந்தால் 95 வயதிலும் வாங்கியிருப்பார்.

இப்போது என் கணக்கு நோட்டு. இரண்டு நிமிஷம்.

அந்த ஃபைனான்ஸ் கம்பெனியில் டெபாசிட் கொண்டு வருகிறவருக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் கமிஷன். நண்பனின் 60,000 ரூபாய்க்கு எனக்கு 1,200 ரூபாய் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். தீபாவளிக்கு வீட்டில் ஒரு மிக்ஸி வாங்கினோம். இந்த விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. நானும் 90,000 இழந்தவன்தானே, நானும் ஏமாந்தவன்தானே என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வருஷா வருஷம் இந்த ஒன்றுகூடலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். செயலாளர் இந்தப் பேச்சுக்குக் கூப்பிட்டு, நானும் டெம்பிள்டனைப் பற்றிக் குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது, அந்த 59 சதவீதத்தை எழுதிவிட்டு மேலே எழுத ஓடவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் பஸ் பிடித்து அவன் ஊருக்குப் போனேன்.

திண்ணையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, சொல்லிவிட்டேன். அவன் வெற்றிலையை மென்றுகொண்டே, "தெரியுமேடா. அந்த ஏஜெண்ட் எனக்கும் ஆள் சேர்த்துவிட்டா கமிஷன் தரேன்னான். அன்னிக்கே புரிஞ்சுது நீ வாங்கியிருப்பேன்னு" என்றான். 29 வருஷமாகத் தெரியும். கேட்கவில்லை. ஏன்டா கேட்கலை என்றதற்கு, "கேட்டா நீ வரமாட்டே" என்றான்.

பணத்தைக் கொடுக்க எடுத்தேன். வாங்க மாட்டேன் என்றான். அப்புறம் சிரித்துக்கொண்டே, "குடுக்கிறதா இருந்தா அந்தக் கம்பெனி சொன்ன 24 சதவீதத்துல கூட்டு வட்டி போட்டுக் குடு" என்றான். உட்கார்ந்து போட்டோம், இரண்டு பேரும் பொருளாதாரம் படித்தவர்களாயிற்றே. ஆறு லட்சத்துப் பதினாலாயிரம் சொச்சம் வந்தது. இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவன் மனைவி காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, "பேங்க் வட்டி போடுங்கண்ணா, போதும்" என்று சொன்னார்கள். 8 சதவீதம் போட்டால் 11,181 ரூபாய். அதை அவன் வாங்கவில்லை. ஹாஸ்டலில் மெஸ் பில் கட்ட முடியாமல் நடுவில் ஊருக்குப் போய்விடுகிற பையன்களுக்காக நம் சங்கம் வைத்திருக்கிற நிதியில் கட்டிவிடு, பெயர் போடாதே என்றான்.

இன்று காலை கட்டிவிட்டேன். பொருளாளர் ரசீது கொடுத்தார். அந்த நிதியில் இன்றைய தேதிக்கு எவ்வளவு இருக்கிறது, எத்தனை பையன்கள் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார், சாப்பிடப் போகிற வழியில் இருக்கிறது.

நண்பன் நாலாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். திரும்பிப் பார்க்காதீர்கள், அவனுக்குப் பிடிக்காது.